சம்பந்தி வீட்டார் என்ன மாதிரிச் சனம்?

மகனே, வெள்ளிக்கிழமை நீயும் மரிசெலும் தலைமன்னாரில் ரயிலை விட்டு இறங்கும்போது வீடு நிறையச் சனம் இருக்கும். பந்தல்காரர் ஒரு பக்கம், உறவுக்காரர் ஒரு பக்கம், வைத்த இடம் மறந்து எதையாவது தேடிக்கொண்டு உன் அப்பா ஒரு பக்கம். உன்னை இருத்திவைத்து ஆறுதலாகப் பேச எனக்கு நேரம் வராது. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நீ "ஓமம்மா, ஓமம்மா" என்றபடி வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். குசினியில் உன் மாமியார் மீன் பொரிக்கிறார். நம்முடைய கடை ஹமீதா பக்கத்தில் நின்று எண்ணெய் கூடிப்போச்சு என்று சண்டை பிடிக்கிறாள். எனக்கு அங்கே இடமில்லை என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை விறாந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். கலியாணச் சந்தடி அடங்கியபிறகு இதை வாசி. மரிசெலுக்கும் வாசித்துக் காட்டு.

நீ அவளைப் பற்றி முதன்முதல் சொன்ன அன்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "என்ன சனம், மகன்?" என்றேன். "பிலிப்பைன்ஸ் சனம் அம்மா" என்றாய். "அவையள் என்ன மாதிரி?" என்று கேட்டேன். "மனிசர் மாதிரித்தான் அம்மா" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். எங்களைப்போல வேதக்காரர், கத்தோலிக்கர்தான் என்று நீ சொன்னபோது பாதிப் பயம் போனது. மீதிப் பயத்தை உன் மாமா தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன்னைக் கனடாவுக்கு எடுத்தவர், விமான நிலையத்தில் தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றி உனக்குப் போட்டவர். உன்மேல் அவருக்கு என்னைவிட உரிமை கூட என்றுகூட நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு. அவர் தொலைபேசியில் என்னிடம் வைத்த வழக்கு இதுதான்: "தங்கச்சி, நான் இந்த ஊருக்கு வந்து எவ்வளவு காலம்? எல்லாச் சனத்தையும் பாத்திட்டன். சீனன் கடை போடுவான். போர்த்துக்கீசன் வீடு கட்டுவான். எங்கட சனம் அந்த வீட்டை வாங்கும். பிலிப்பீன் சனம் அந்த வீட்டிலை வேலைக்கு நிக்கும். இண்டைக்கும் மற்றவையின்ர பிள்ளையளைத்தான் பாத்துக்கொண்டு நிக்குதுகள். முன்னேறத் தெரியாத சனத்திலை ஏன் பெடியனைக் குடுக்கப்போறாய்?" நான் மெல்ல, "பெட்டை நேர்ஸ் எல்லே அண்ணை" என்றேன். "ஒருத்தியை வைச்சு ஒரு சனத்தை அளக்கேலாது" என்றார். பிறகு கடைசியாக, "நான் தாய்மாமனா வந்து நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்" என்று வைத்துவிட்டார். தாய்மாமன் இல்லாமல் உன்னைக் கோயில் வாசலுக்கு எப்படிக் கூட்டிப்போவது? உனக்கு நான் இதைச் சொல்லவில்லை. நீ அங்கே அவருடைய வீட்டு மேசையில் சாப்பிடுகிறவன். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முள்ளை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மகனே, சனத்தைச் சனத்தோடு வைத்து அளக்கும் அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. நாங்கள் இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நீ சின்னப் பொடியன். தலைமன்னாரில் ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒவ்வொரு கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப்போல இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஹமீதாவைப்போல முன்பு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கிடந்து திரும்பிய முஸ்லிம் ஆட்கள், வன்னி முகாம்களிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், எங்கும் போகாமல் இங்கேயே கிடந்து தப்பியவர்கள். தேநீர்க்கடைக்குப் போனால் எல்லாருக்கும் ஒவ்வொரு தீர்ப்பு இருந்தது. "புத்தளத்தாலை வந்தவை கெதியா எழும்பிடுவினம், வியாபாரம் ரத்தத்திலை ஊறின சனம்." "இந்தியாவாலை வந்தவை எழும்பாயினம், குந்தியிருந்து நிவாரணம் திண்டு பழகின சனம்." "முருங்கன் பக்கத்துச் சனம் வயலை நம்பின சனம், அதுகளுக்கு ஒரு குறையும் வராது." எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வாசற்கதவு வருமுன்பே, உள்ளே இருக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற பேச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் புதிய ரயில்பாதை போட ஆட்கள் வந்தார்கள். நான் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து விற்கலாம் என்று தொடங்கினேன். முதல் நாளே என் பார்சல் எல்லாம் ஒழுகி, ஒரு தொழிலாளியின் காற்சட்டையில் மீன்குழம்பு கொட்டியது. அவன் கத்திய கத்தலில் நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தேன். ஒழுங்கை முனையில் ஹமீதா நின்றாள். அதற்குமுன் அவளோடு நான் பேசியதேயில்லை. "அக்கா, அழாதீங்க. குழம்பை வேறையா கட்டணும்" என்று சொல்லி, என் வீட்டுக்குள்ளேயே வந்து, இலையை அனலில் வாட்டி மடிக்கிற விதத்தைக் காட்டித் தந்தாள். அடுத்த கிழமை இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்தோம். கடை ஓடத் தொடங்கியதும் ஊர் சொன்னது, "ஹமீதா நிக்கிறபடியாத்தான் ஓடுது, அது முஸ்லிம் கை." ஹமீதா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்கட வாப்பா கடலுக்குப் போனவர் அக்கா. புத்தளத்திலை எங்களுக்கு ஆர் கடல் தந்தது? உம்மா இடியப்பம் அவிச்சா, நாங்க தலையிலை வைச்சுக்கொண்டுபோய் வித்தம். ரத்தத்திலை ஒண்டும் ஊறல்லை. பசிச்சிச்சு, அவ்வளவுதான்."

உன் அப்பாவின் கதையும் அதேதான். வீட்டுத்திட்டம் வந்தபிறகு ஊரில் பாதி வீட்டுக்கு நிறம் பூசியவர் அவர். "இந்தியாவாலை வந்தவைக்குப் பெயின்ற் அடிக்கிறது கைவந்த கலை" என்று புகழ்வார்கள். மூன்று தலைமுறை கடலில் கிடந்த குடும்பத்துக்கு அந்தக் கலை எங்கிருந்து வந்தது? "முகாம்காரனுக்கு வேற என்ன வேலை தந்தவங்கள்? வாளியையும் பிரஷையும் தந்தாங்கள், படிச்சம்" என்பார் அப்பா. பிறகு எங்கள் வீட்டுக்கு மேல்மாடி எழும்பியது. உடனே நாங்கள் 'முயற்சியான சனம்' ஆகிவிட்டோம்! அந்த மேல்மாடி உன் மாமா ரொறன்ரோ உணவகத்தில் கழுவிய கோப்பைகளால் எழும்பியது. பக்கத்து வளவுக்காரர் அப்பாவுக்கு முந்திக் கடலுக்குப் போய், அப்பாவுக்குப் பிந்திக் கரைக்கு வருகிறவர். அவருடைய கூரை இன்றைக்கும் தகரம்தான். அவருக்கு வெளிநாட்டில் ஒரு மச்சான் இல்லை. இதையெல்லாம் கண்ணால் கண்டவள் நான். கண்டும், உன் கலியாணம் என்று வந்தபோது, "என்ன சனம்?" என்றுதான் என் வாயும் கேட்டது.

மாமா தான் நேரில் வந்து கதைப்பதாகச் சொன்னார். நீங்கள் வருமுன் வந்து, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்பது அவருடைய எண்ணம். வரட்டும் என்றேன். அவர் வந்து இறங்கிய மறுநாள் மரிசெலின் தாயும் வருகிறார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதற்காக நான் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்கிற எண்ணமும் இல்லை.

அப்பாதான் ஸ்டேஷனுக்கு ஓட்டோ கொண்டுபோனார். வந்த சம்பந்தி சின்ன உருவம், பெரிய தொப்பி, கயிற்றால் கட்டிய பெட்டிகள். இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னார், "லூர்து." எங்கள் ஒழுங்கையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அன்று பிரயாணக் களைப்பு. மாமாவோடு இங்கிலீசில் இரண்டு வார்த்தை, என்னோடு சிரிப்பு, பிறகு நேரத்தோடு படுத்துவிட்டார். மாமாவும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. முகத்தை மட்டும் சுங்கக் கந்தோர்க்காரர்போல வைத்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் நண்டுக்கறி. மேசையில் அப்பா, மாமா, லூர்து, நான். லூர்து தலை குனிந்து நண்டுக்காலை உடைப்பதில் மும்முரமாக இருந்தார். மாமா, அவருக்கு விளங்காது என்ற துணிவில், என் பக்கம் திரும்பித் தமிழில் தொடங்கினார். "பார் தங்கச்சி, மனிசி நல்ல மனிசிதான். நான் குறை சொல்லேல்லை. ஆனா சீவியம் முழுக்க மற்றவையின்ர வீட்டிலைதான். எங்கட சனத்தைப் பார். வெறுங்கையோடை வந்தம், இண்டைக்கு ஆருக்கு வீடில்லை? சனத்துக்குச் சனம் வித்தியாசம் இருக்கு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்."

லூர்து நண்டுக்காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். கையைத் துடைத்தார். சோற்றுக்கரண்டியை எடுத்தார். "மோனை" என்றார் மாமாவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

மகனே, அந்த மேசையில் இருந்தவர்களின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. மாமாவின் கை வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில் நின்றது. பேரப்பிள்ளை கண்ட மனிதரைப் பார்த்து, சின்ன மகனைக் கூப்பிடுகிறமாதிரி 'மோனை'! "என்ன மோனை பாக்கிறாய்? கறி உறைப்போ?" என்று லூர்து மறுபடியும் கேட்டார். அதுவும் எங்கள் மன்னார்த் தமிழ் இல்லை, அசல் பருத்தித்துறைத் தமிழ். "நீங்கள்... தமிழ்..." என்று மாமா தடுமாறினார். லூர்து சிரித்துக்கொண்டே, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துச் சொன்னார்: "பருத்தித்துறை அம்மா படிப்பிச்சவ. ஸ்காபரோவிலை. படுக்கையிலை இருந்தவ. கன காலம் நான்தான் பாத்தனான். மூண்டு பொடியன்மார், நல்ல பொடியன்மார். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வேலை. வீடு வாங்க வேணுமெல்லே? பெரிய வீடு, மோனை. எனக்கு நல்லாத் தெரியும். நான்தான் கூட்டினனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மாமா எழும்பிப் போயிருப்பார். லூர்து சொன்ன விதத்தில் கோபம் ஒரு துளியும் இல்லை. சொல்லிவிட்டு, உண்மையாகவே அவருடைய கோப்பையில் சோற்றைப் போட்டார். மாமா அந்தச் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெடித்துச் சிரித்தார். வாலிபத்தில், கடலில் நிறைய மீன் பட்ட நாட்களில், அவர் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். இது இப்படி நடக்கும் என்று உன் மரிசெலுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தாய்க்குத் தமிழ் தெரியும் என்பதைச் சொல்லாதே என்று உன் வாயையும் கட்டிவிட்டாளாம். கள்ளி. இந்தக் குடும்பத்துக்கு ஏற்ற பெட்டைதான்.

பின்னேரம் மாமா, லூர்து, நான் மூன்று பேருமாகப் பழைய பாலத்தடிக்கு நடந்தோம். இந்தியாவுக்குக் கப்பல் போன காலத்து இறங்குதுறைப் பாலம், உனக்குத் தெரியும்தானே. காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு லூர்து தன் கதையைப் பாதி தமிழிலும் பாதி இங்கிலீசிலும் சொன்னார், விளங்காததை மாமா எனக்குச் சொன்னார். முதலில் ஹொங்கொங், பிறகு கனடா. பிள்ளை பார்க்கும் வேலைக்கென்றே கொடுத்த அனுமதி. வேலை செய்யும் வீட்டிலேயே தங்கவேண்டும், வேறு வேலைக்குப் போகக்கூடாது, சொந்தப் பிள்ளையைக் கூட்டிவரக்கூடாது. மரிசெல் ஊரில் சித்தியிடம் வளர்ந்தாள். கடைசியில் அவளை எடுக்க வழி கிடைத்தபோது, லூர்து ஆசையாக ஒரு சட்டை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார். இறங்கி வந்தவளுக்கு அந்தச் சட்டை கையில்கூட ஏறவில்லையாம். "போனிலை சின்னப் பிள்ளை, மோனை" என்றார். "நேரை பாத்தா என்னைவிட உசரம்."

மாமா என்னிடம் சொன்னார், "தங்கச்சி, நான் போய் இறங்கி அகதியெண்டு கையைத் தூக்கினன். உள்ளை விட்டாங்கள். விரும்பின இடத்திலை வேலை செய்யலாம், விரும்பினவனோடை இருக்கலாம். நாங்கள் கொஞ்சப் பெடியள் ஒரு நிலவறையிலை நெருக்கிப் படுத்து ஒவ்வொருத்தனா வீடு வாங்கினம். பெண்சாதி பிள்ளையளை எடுத்தம். இவவைப்போல எனக்கும் ஒரு வீட்டு அறைக்குள்ளை நில் எண்டு சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பன்?" லூர்து அவருடைய தோளைத் தட்டி, "நீயும் நல்லாத்தான் கூட்டியிருப்பாய்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

உனக்கும் உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான், மகனே. ஒரு சனம் எழும்பியதா விழுந்ததா என்று பார்க்கிறவர்கள் அதன் குணத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நீ அந்தச் சனம் எந்த வாசலால் உள்ளே விடப்பட்டது என்று முதலில் பார். நல்ல வாசலால் போனவன் தன் கெட்டித்தனத்தைத்தான் மெச்சுவான்; மெச்சட்டும், உழைத்தவன்தானே. ஆனால் அவன் இரண்டாவது வேலைக்குப் போனபோது வீட்டில் நின்றது யார் என்பதையும் மறக்கக்கூடாது. மரிசெலின் வீட்டாரும் நம்முடைய வீட்டாரும் ஒரே விருந்தில் இருக்கும்போது, யாராவது உன் காதுக்குள் வந்து அளக்கத் தொடங்குவார்கள். சண்டை பிடிக்காதே. சோறு போடு.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததெல்லாம் திருவிழாத்தான். காலையில் லூர்து கருவாட்டைப் பொரித்து வினாகிரியில் தோய்த்துச் சாப்பிட்டார். அப்பா ஒரு துண்டு கேட்டார், பிறகு தட்டத்தையே கேட்டார். அப்பா பகிடிக்காக "இது குசினி" என்று கையைக் காட்ட, லூர்து துள்ளிவிட்டார். அவர்களுக்கும் அது 'குசினா'வாம்! அங்கே ஸ்பானியர் விட்டுப்போனது, இங்கே போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அன்று முழுவதும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல வீட்டைச் சுற்றி வந்தார்கள். மேசை 'மெசா', சப்பாத்து 'சபாத்தோஸ்', முகம் துடைக்கிற துவாய் 'துவால்யா'. மாமா கொஞ்ச நேரம் பேப்பர் வாசிக்கிறமாதிரி இருந்தார், பிறகு அவரும் எழும்பி அலுமாரியைத் திறந்து காட்டிக் கேட்கத் தொடங்கினார். கலியாணச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது. முழுப் பன்றியை நெருப்பில் வாட்டாமல் அவர்கள் ஊரில் கலியாணம் இல்லையாம். பிரியாணி போடப்போகிறவள் ஹமீதா. எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். லூர்துவே கேட்டார், "ஹமீதா எங்களோடை இருந்து சாப்பிடமாட்டாவோ?" மாட்டாள் என்றேன். "அப்ப பன்றி வேண்டாம். ஆடு" என்று முடித்துவிட்டார். ஹமீதாவுக்கு இது காதில் விழுந்ததிலிருந்து அந்தக் குசினிக்குள் நான் இரண்டாம் ஆள்.

எல்லாம் சரி, ஆனால் மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாய்மாமனாக நிற்பாரா மாட்டாரா? கேட்க எனக்குப் பயம். சிரித்துப் பழகுவது ஒன்று, ஊருக்கு முன்னால் நிற்பது வேறொன்று. சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் எங்கள் அப்பாவின் பிள்ளைகளுக்கு இல்லை என்பது உனக்கும் தெரியும்.

நேற்று ஞாயிறு, கோயிலில் உங்களுடைய கலியாண அறிவிப்பின் மூன்றாம் ஓலை. பூசை முடியும் நேரம் பங்குச் சுவாமி தாளை எடுத்து வாசித்தார். உன் பெயர் வரைக்கும் நன்றாகப் போனது. மரிசெலின் குடும்பப் பெயரில் வந்து முட்டிக்கொண்டார். "மரிசெல் வில்லன்... வில்லனு..." என்று இழுத்தார். பின் வரிசை வாங்கிலிருந்த பெடியள் 'வில்லன்' என்றதும் களுக்கென்று சிரித்தார்கள். லூர்துவும் என்னோடு சேர்ந்து சிரித்தார். சுவாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறியத்தரவும்.

ஆண்கள் பக்கத்தில் உன் மாமா எழும்பினார்.

அப்பா வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சுவாமி, ஒரு தடை இருக்கு" என்றார் மாமா.

"சொல்லுங்கோ" என்றார் சுவாமி, குரல் இறங்கி.

"பேர் பிழை. வில்லன் இல்லை, சுவாமி. வில்யானுவேவா. பிழையான பேரிலை ஓலை சொல்லக்கூடாது."

சுவாமி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல, "வில்யானுவேவா" என்று சொல்லிப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். "அப்பிடியெண்டா என்ன கருத்து?" என்று சுவாமி கேட்டார்.

"நானும் தாயிட்டைக் கேட்டனான்" என்றார் மாமா. லூர்து இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டி, கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "புதுக்குடியிருப்பு, சுவாமி, எங்கட ஊர்ப்பேர் மாதிரித்தான். புதுக்குடியிருப்புக் குடும்பத்துப் பெட்டையைத்தான் எங்கட பெடியனுக்கு எடுக்கிறம். நான் அவன்ர தாய்மாமன்."